பிரசவத்தோடு முடியாத மாத்திரை

எச்.ஐ.வி. உள்ள பெண்கள் பலர் வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். பிள்ளை பிறந்த சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் நடந்த 51 ஆய்வுகளையும் 20,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தது. கர்ப்ப காலத்தில் போதிய அளவு மருந்து சாப்பிட்டவர்கள் சுமார் 76 சதவீதம். பிரசவத்துக்குப் பிறகு அது 53 சதவீதமாக இறங்கியிருந்தது.

இதைப் படித்ததும் ‘குழந்தை பிறந்ததும் அலட்சியம் வந்துவிட்டது’ என்று சொல்லத் தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதல்ல. பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணைச் சுற்றியிருக்கும் எல்லாமே மாறிவிடுகிறது. மாத்திரை மட்டும் மாறாமல் தொடர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

குழந்தைக்கு எப்படிப் போகிறது?

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. மூன்று கட்டங்களில் போகலாம்: கர்ப்பத்தில், பிரசவ நேரத்தில், தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில். மருந்தே இல்லாவிட்டால், இந்த மூன்றும் சேர்ந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் குழந்தைக்கும் நிச்சயம் வந்துவிடும் என்ற நம்பிக்கை மருந்தே இல்லாத காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

மருந்து இருந்தால் கணக்கு அடியோடு மாறுகிறது. பிரான்ஸில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், கருத்தரிப்பதற்கு முன்பே கூட்டு மருந்து தொடங்கி, விடாமல் சாப்பிட்டு, பிரசவத்தின்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 50-க்குக் கீழே இருந்த தாய்மார்களுக்கு 2,651 குழந்தைகள் பிறந்தன. அவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. அந்தத் தாய்மார்கள் தாய்ப்பால் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்ப்பாலைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது?

இந்தியாவின் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இப்போது பெரும்பாலோருக்குத் தருவது, மூன்று மருந்துகள் ஒன்றாக அடங்கிய ஒரே மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். நாளுக்கு ஒன்று, இலவசம். இது வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. ஆனால் சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸை இதனால் அழிக்க முடியாது.

வயலில் கோரைப்புல்லை அறுத்தவர்களுக்கு இது புரியும். மேலே எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். கைவிட்ட சில நாளில் முளைவிடும். அதுபோலத்தான், மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி ரத்தத்தில் ஏறிவிடுகிறது. உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றும். அந்த நேரத்தில் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. தாயின் நோய் எதிர்ப்பு சக்தியும் மெல்லக் கரைகிறது.

விட்டு விட்டுச் சாப்பிடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும்போது, அந்த மருந்துக்கு அடங்காத வைரஸ் வகை பிழைத்துப் பெருக வழி கிடைக்கிறது. பிறகு அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். டோலுடெக்ராவிர் இதை எளிதில் அனுமதிக்காது. ஆனாலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

எவ்வளவு ஒழுங்கு வேண்டும்?

ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் மீதி மாத்திரையை எண்ணுவார்கள். 95 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நல்லது என்பது அங்குள்ள அளவுகோல். மாதத்துக்கு 30 மாத்திரை என்றால், ஒன்றை விட்டால் 97 சதவீதம். இரண்டை விட்டால் 93. அதாவது மாதத்தில் ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ஏன் என்று பேசிப் பார்க்க வேண்டும்.

ஒரு வேளை மறந்துபோனால், நினைவு வந்ததும் சாப்பிட்டுவிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் (டோலுடெக்ராவிருக்கு நான்கு மணி நேரத்துக்குள் என்பது கணக்கு) அதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் போதும். விட்டதற்கு ஈடாக இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

மாத்திரையை எண்ணுவதைவிட நம்பகமானது ‘வைரல் லோடு’ எனப்படும் ரத்தப் பரிசோதனை. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு 32 முதல் 36 வாரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும் என்பது விதி. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு மருந்து போதுமா, இரண்டு வேண்டுமா என்பதை முடிவு செய்ய இந்த எண் உதவுகிறது. அதனால் இந்தப் பரிசோதனை நடந்ததா, முடிவு என்ன என்று கர்ப்பிணியே கேட்டு வாங்குவது நல்லது.

பிரசவத்துக்குப் பிறகு ஏன் நிற்கிறது?

முதல் காரணம், மருத்துவமே ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தது. 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஏ.இசட்.டி. என்ற ஒரே மருந்தால் தாய்-சேய் தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. 1999-ல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை சிரப் என்ற மலிவான வழியைக் காட்டியது. இந்தியாவிலும் 2002-ல் தொடங்கிய தடுப்புத் திட்டம் பல ஆண்டுகள் இந்த வழியில்தான் நடந்தது. மருந்து பிரசவத்துக்கானது, பிரசவத்தோடு முடிந்தது. பின்னர் 2010-ல் வந்த உலக வழிகாட்டுதலும்கூட, எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ள தாய் தாய்ப்பாலை நிறுத்திய பிறகு மருந்தையும் நிறுத்த இடம் கொடுத்தது.

2011-ல் ஆப்பிரிக்காவின் மலாவி நாடு வேறு முடிவெடுத்தது. எதிர்ப்பு சக்தியை அளக்கும் சிடி4 பரிசோதனைக்கு அங்கே போதிய வசதி இல்லை. அதனால் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த உடனே மருந்து, அதுவும் ஆயுள் முழுக்க என்று அறிவித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் இதை ஏற்றது. இந்தியா முழுவதும் 2014 முதல் இதுவே நடைமுறை. ஆக, அக்காவின் பிரசவத்தின்போது நிறுத்தச் சொன்ன மருந்தைத் தங்கையிடம் நிறுத்தவே கூடாது என்கிறோம். மூத்தவர்கள் ‘அதான் பிள்ளை நல்லபடியாப் பிறந்துடுச்சே, இன்னும் எதுக்கு?’ என்று கேட்பதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம், செய்தி தெரியும் விதம். கர்ப்பத்துக்காக ரத்தம் கொடுக்கப்போன இடத்தில் பலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. அதிர்ச்சி ஆறும் முன்பே மாத்திரை கையில் வருகிறது. மலாவியில் 2014-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின்போது இப்படி மருந்து தொடங்கிய பெண்கள் முதல் வருகைக்குப் பிறகு திரும்பியே வராமல் போவது, நோய் முற்றித் தனக்காகவே மருந்து தொடங்கிய பெண்களைவிட ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று போனவருக்கு மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரியும். நன்றாக இருக்கும்போதே தொடங்கியவருக்கு அந்த அனுபவம் இல்லை.

மூன்றாவது, இடமாற்றம். நம்மூரில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். மருந்து வாங்கும் மையம் கணவர் ஊரில். பிரசவமும் அதற்குப் பிந்தைய மாதங்களும் வேறு மாவட்டத்தில். கையிருப்பு தீர்ந்ததும் வாங்கிவர ஆளில்லை. யாரையாவது அனுப்பினால் விஷயம் தெரிந்துவிடும்.

நான்காவது, ரகசியம். கர்ப்பிணி மாத்திரை சாப்பிட்டால் யாரும் கேட்பதில்லை. ‘சத்து மாத்திரை’ என்று சொல்லிவிடலாம். பிரசவம் ஆன பிறகு, பத்தியச் சாப்பாடும் லேகியமுமாக எந்நேரமும் யாராவது பக்கத்தில் இருக்கும் வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் எடுத்துச் சாப்பிடும் மாத்திரைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. டப்பாவின் லேபிளைக் கிழித்துவைக்கிறவர்கள் உண்டு; புடவை மடிப்புக்குள் ஒளித்துவைக்கிறவர்கள் உண்டு. ஆள் நடமாட்டம் அதிகமான நாளில் மாத்திரை தப்பிவிடும்.

ஐந்தாவது, மனம். வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு போன்ற பாதிப்பு வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கமில்லாத இரவுகள், அழும் குழந்தை, கூடவே யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நோய். குழந்தையின் மருந்தை ஒரு சொட்டுக் குறையாமல் கொடுக்கும் தாய் தன் மாத்திரையை மறப்பது இப்படித்தான்.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தாய் மருந்தை விடாமல் சாப்பிட்டால். ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த ‘ப்ராமிஸ்’ என்ற பெரிய ஆய்வில், தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குப் பாலின் வழியே தொற்று போனது 12 மாதத்தில் சுமார் 0.6 சதவீதம்தான். தாய் கூட்டு மருந்து சாப்பிட்ட பிரிவிலும், தாய்க்குப் பதில் குழந்தைக்குத் தினமும் நெவிரபின் கொடுத்த பிரிவிலும் இதே அளவுதான். ஆபத்து மிகக் குறைவு, ஆனால் சுழியம் இல்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது இங்கே உயிர்நாடியான விதி. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், இடையிடையே பசும்பால் என்று கலந்து கொடுப்பது குழந்தையின் மெல்லிய குடலைப் புண்படுத்தி, பாலில் இருக்கும் வைரஸ் உள்ளே நுழைய வழி செய்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு தாய்ப்பாலைக் குறைந்தது ஒரு வயதுவரை தொடரலாம். மருந்து ஒழுங்காக நடந்தால் இரண்டு வயதுவரையும் கொடுக்கலாம் என்பது 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஆலோசனை. புட்டிப்பால்தான் என்று ஒரு தாய் முடிவெடுத்தால், சுத்தமான தண்ணீர், தொடர்ந்து பால்பவுடர் வாங்கும் வசதி இரண்டும் இருக்கின்றனவா என்று ஆலோசகரோடு பேச வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் மாத்திரை தீர்ந்துபோனால் அது அவசரம். பாலை நிறுத்துவதா, குழந்தையின் மருந்தை மறுபடி தொடங்குவதா என்பதை வீட்டில் முடிவு செய்யாமல், அன்றே மையத்துக்குப் போக வேண்டும்.

சத்து மாத்திரையோடு சேராதது

பலர் சொல்லத் தவறும் ஒரு விஷயம் இது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். வெறும் வயிற்றில் இவற்றோடு டோலுடெக்ராவிரைச் சேர்த்து விழுங்கினால், இரும்பும் கால்சியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடுகிறது. வழி இரண்டு உண்டு. ஏ.ஆர்.டி. மாத்திரையை, சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிடலாம். அல்லது எல்லாவற்றையும் சாப்பாட்டோடு ஒன்றாகச் சாப்பிடலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் அலுமினியமோ மெக்னீசியமோ இருந்தால், சாப்பாட்டோடு சேர்த்தாலும் சரிவராது. அந்த இடைவெளி கட்டாயம்.

முதல் மூன்று மாதங்களில் குமட்டலால் மாத்திரை வெளியே வந்துவிடுகிறது என்றால், நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்: காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். சாப்பிட்டவுடன் வாந்தி வந்தால் மறுபடி எடுப்பதா என்று மையத்தில் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சித்த மருந்தோ லேகியமோ சாப்பிடுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதால் பயனில்லை.

‘இந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாது’ என்ற பயமும் மருந்தை நிறுத்தவைக்கிறது. 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து, டோலுடெக்ராவிர் சாப்பிட்டுக் கருத்தரித்தவர்களின் சில குழந்தைகளுக்குத் தண்டுவடக் குறை இருப்பதாக ஓர் எச்சரிக்கை வந்தது. கூடுதல் பிரசவங்களின் விவரம் சேரச்சேர அந்தக் கவலை விலகியது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் உட்பட அனைவருக்கும் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது.

குழந்தைக்கான மருந்தும் பரிசோதனையும்

பிறந்த உடன் குழந்தைக்கு நெவிரபின் சிரப் தொடங்கி, பொதுவாக ஆறு வாரம் கொடுப்பார்கள். தாய் தாமதமாக மருந்து தொடங்கியிருந்தாலோ, வைரஸ் அளவு அதிகமாக இருந்தாலோ இரண்டு மருந்துகளாகவும், கூடுதல் நாளுக்கும் கொடுக்கக்கூடும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தை ஓர் அட்டையில் உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அப்போதே, மற்ற தொற்றுகளைத் தடுக்கும் காட்ரிமாக்சசோல் மருந்தும் தொடங்கும். அதன் பிறகும் இடையிடையே பரிசோதனை உண்டு. கடைசி முடிவு பொதுவாக 18-ஆம் மாதத்தில்தான். அதுவரை தாயின் எதிர்பொருட்கள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால் சாதாரணப் பரிசோதனை ஏமாற்றிவிடும். ஆறாவது வாரத்தில் ‘இல்லை’ என்று வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தாய்ப்பால் தொடரும்வரை வாய்ப்பும் தொடர்கிறது; 18 மாதத்துக்குப் பிறகும் பால் கொடுத்தால், நிறுத்திய பிறகே கடைசி முடிவு.

எது உதவுகிறது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், குகுலேத்து என்ற பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. வழக்கமாக அங்கே பிரசவம் முடிந்ததும் பெண்களைப் பொதுவான ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆய்வில் ஒரு பிரிவினரை அப்படி மாற்றினார்கள். இன்னொரு பிரிவினருக்கு, தாய்ப்பால் நிற்கும்வரை தாய்க்கான மருந்தும் குழந்தைக்கான கவனிப்பும் ஒரே இடத்தில், ஒரே நாளில் கிடைத்தன. ஓராண்டு கழித்துச் சிகிச்சையில் நீடித்து, வைரஸ் 50-க்குக் கீழே இருந்தவர்கள் முதல் பிரிவில் 56 சதவீதம். இரண்டாவதில் 77 சதவீதம். மாத்திரை ஒன்றுதான், பெண்களும் ஒரே பகுதியினர். மாறியது சேவை கிடைத்த இடமும் விதமும்தான்.

அதே நகரில் 2001-ல் ‘மதர்ஸ்2மதர்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது. எச்.ஐ.வி.யோடு பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்களையே சம்பளத்துக்கு வைத்து, புதிய கர்ப்பிணிகளுக்கு வழிகாட்டவைத்தார்கள். சென்னையில் 1998-லேயே எச்.ஐ.வி. உள்ள பெண்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ இதே உறவைத்தான் நம்பியது. மருத்துவர் சொல்லும்போது அறிவுரையாகப் படுவது, ‘நானும் இப்படித்தான் மறைத்துச் சாப்பிட்டேன்’ என்று இன்னொரு தாய் சொல்லும்போது துணையாகிறது.

ஒரு நாடே இதைச் செய்துகாட்ட முடியும் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாய்-சேய் எச்.ஐ.வி. தொற்றை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை கியூபா 2015-ல் முதலில் பெற்றது; இலங்கை 2019-ல் பெற்றது.

வீட்டில் என்ன செய்யலாம்?

தாய் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மையத்தில் தேதியைச் சொல்லுங்கள். கூடுதல் நாளுக்கு மாத்திரை வாங்கவோ, போகிற ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்குப் பதிவை மாற்றவோ வழி உண்டு. சிகிச்சைப் புத்தகமும், வெளியூரில் பிரசவம் நேர்ந்தால் காட்ட வேண்டிய தாளும் பையிலேயே இருக்கட்டும். நேரம் நினைவில் நிற்க, தினமும் தவறாத ஒரு வேலையோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரவுச் சாப்பாடு, டி.வி. தொடர், கைபேசி அலாரம், எதுவானாலும் சரி.

வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் பாதிச் சுமை குறையும். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; அம்மாவாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரோடு பேசி முடிவெடுக்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு இந்தத் தொற்று இருப்பதைப் பொதுவாக வெளியிடக் கூடாது என்கிறது. துணைவருக்குச் சொல்ல மருத்துவருக்குச் சில சூழலில் இடம் உண்டு. ஆனால் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடியோ கைவிடலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது. சிகிச்சை தர மறுப்பதும் ஒதுக்கிவைப்பதும் சட்டப்படி தவறு. சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஒன்று. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குத் தாய் எப்படியும் வருவார். ஒன்பதாம் மாதம் மறுபடி வருவார். தன் மருந்துக்காக வராத பெண்ணும் குழந்தையின் ஊசிக்காக வந்துவிடுகிறார். அந்த நாட்களிலேயே அவருக்கான மாத்திரையும் கிடைத்தால், பேருந்துச் செலவும் பொய்க் காரணமும் ஒன்று மிச்சம். குழந்தையின் 18-ஆம் மாதப் பரிசோதனை முடிவை எழுதும்போது, பக்கத்திலேயே தாயின் வைரல் லோடு எண்ணையும் எழுதிப் பாருங்கள். குழந்தைக்கு ‘இல்லை’ என்று வந்து தாயின் எண் ஏறியிருந்தால், அந்த வீட்டில் வேலை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.